போசி போன நாகமலையும் நாங்கள் போன நாகமலையும்

பிக்னிக் என்கிற சொல் எங்கள் பக்கம் வந்து சேருவதற்கு ரொம்ப நாள் முன்பே அதற்கென்று ஒரு நாள் இருந்தது. தை மூன்றாம் நாள், பூப்பறிக்கிற நோம்பி. நோம்பி என்றால் பண்டிகை. பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மலையடிவாரமோ ஆற்றங்கரையோ, எது பக்கமோ அங்கே கிளம்புவார்கள். ஆவாரம்பூ பறித்து, கும்மி கொட்டி, வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்புவார்கள். பொழுதோடு என்றால் எங்களுக்குச் சாயங்காலம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்களுக்கு அன்றைக்கு ஒரே வேலை, வண்டி கட்டுவது. இப்போது கார் ஓட்டுவது. அந்த ஒரு வேலையை இந்த வருசம் என் மாமா எப்படிச் செய்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கொஞ்ச வருசமாக எங்கள் வீட்டு நோம்பி ஏசி தியேட்டருக்குள் நடந்துகொண்டிருந்தது. போன வருசம் இடைவேளையில் பாப்கார்ன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவள், கேட்டாள்: "ஏங்கண்ணு, இதுல பூ எங்க இருக்குது?" பதில் இல்லை. இந்த வருசம் மலைக்குத்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

எந்த மலை என்பதில்தான் இழுபறி. சென்னிமலை என்றாள் அம்மா. கோயில், படி, கூட்டம். அங்கே போனால் சாமி கும்பிடுவோம், நோம்பி நடக்காது. சிவன்மலைக்கும் அதே பதில். நான் அறச்சலூர் நாகமலை என்றேன். யாருக்கும் அது ஒரு இடமாகவே படவில்லை. ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகிற ரோட்டில் 20, 25 கிலோமீட்டரில் இருக்கிறது. என் மாமியார் வீடு நத்தக்காடையூர்ப் பக்கம். கல்யாணமான இந்தப் பதினேழு வருசத்தில் அந்த மலையை எத்தனை தடவை தாண்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தியதில்லை. எங்கள் பக்கத்தில் பாறைக்கு இரண்டே பிழைப்பு: சாமியாக வேண்டும், இல்லாவிட்டால் ஜல்லியாக வேண்டும். இரண்டும் ஆகாத பாறையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த மலையில் ஆண்டிப்பாறை என்று குடை மாதிரி ஒரு பாறை ஒதுக்கு இருக்கிறது. அதில் ஒரு எழுத்து இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கல்வெட்டு ஆய்வாளர் புலவர் செ. இராசு அதைக் கண்டு வெளியே சொன்னார். தமிழி எழுத்து, தமிழ்ப் பிராமி என்றும் சொல்வார்கள். காலம் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த மாதிரிக் குகைகளில் வழக்கமாக இன்னார் இந்தத் துறவிக்கு இந்தப் படுக்கையை வெட்டிக் கொடுத்தார் என்றுதான் இருக்கும். இங்கே இருப்பது தாளம். த, தை, தா, தே என்று ஆட்டத்துக்கான அசைகளை யாரோ பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இசைக் கல்வெட்டு என்றால் எல்லாரும் புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையைச் சொல்வார்கள். அது 7ஆம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து. நம்முடையது அதற்கும் சில நூறு வருசம் மூத்தது. கும்மி கொட்டுகிற நாளில் தாளம் எழுதின பாறைக்குப் போகலாம் என்றதும் அண்ணன் மகள், நான்காம் வகுப்பு, கையைத் தூக்கிவிட்டாள். அவள் தூக்கினால் வீட்டில் மற்ற கைகளும் தூக்கும்.

இரண்டு கார். ஈரோட்டிலிருந்து எங்கள் வண்டி: நான், என் மகன், அண்ணன், அண்ணன் மகள், அம்மா, அம்மிச்சி. திருப்பூரிலிருந்து மாமாவின் வண்டி: மாமா, அத்தை, அவர்களுடைய இரண்டு பெண்கள், அப்புறம் சோறு. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்குகிற சோறுதான் அரிசிம்பருப்பு. அத்தை கை அரிசிம்பருப்புக்கு எங்கள் சொந்தத்தில் எதிர்ப்பேச்சு கிடையாது. பெரிய போசி, அதாவது பாத்திரம், நிறைய அரிசிம்பருப்பு, இன்னொரு போசியில் தயிர்ச்சோறு, கொள்ளுத் துவையல், ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய் ஒரு பாட்டில், அப்பளம் தனி டப்பாவில். எல்லாம் அந்த வண்டியில். எங்கள் வண்டியில் இருந்தது தண்ணீர், வறுத்த கடலை ஒரு படி, பொங்கலுக்கு வாங்கி மீந்த கரும்பு இரண்டு கட்டை. இந்தப் பங்கீட்டை யார் செய்தது என்று கேட்காதீர்கள். நான்தான்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். அவல்பூந்துறை தாண்டியதும் பனி இன்னும் வயல் மேல் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் காடுகள் வெட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. தாள் காய்ந்து சாய்ந்து, காடு முழுக்க நைந்த பழுப்புத் துணியை விரித்ததுபோல. நான் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவள். மஞ்சளைக் கிழங்காகவும் மூட்டையாகவும் ரூபாயாகவும்தான் பார்த்துப் பழக்கம். 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வந்தபோது மண்டியில் லட்டு கொடுத்தார்கள். காட்டில் நிற்கிற மஞ்சளை நின்று பார்த்து எத்தனை வருசமாயிற்று என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பவானிசாகரிலிருந்து 201 கிலோமீட்டர் நடக்கிற வாய்க்கால் அது, 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மஞ்சள், கரும்பு, வாழை. அந்தப் பக்கம் மேட்டில் கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், அதன் நிழலில் படுத்திருக்கிற காங்கேயம் மாடு. ஒரு வாய்க்கால் அகலத்தில் நாடே மாறிவிடுகிறது.

மலையடிவாரத்தில் வண்டியை ஒரு இட்டேரி, வேலிகளுக்கு நடுவே போகிற தடம், அதன் ஓரம் நிறுத்தினோம். அம்மிச்சிக்கு முழங்கால் வலி, எழுபத்தெட்டு வயது. வேப்பமரத்தடியில் பாயை விரித்து அவளையும் அம்மாவையும் உட்கார வைத்தோம். மாமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், வந்துவிடுவார் என்று நாங்கள் நால்வரும் ஏற ஆரம்பித்தோம்.

உயரமான மலை இல்லை. வெள்ளியங்கிரி ஏறினவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பாறைக்கென்று ஒரு நடை இருக்கிறது. மண்ணில் நடக்கிற மாதிரி குதிகாலை ஊன்றினால் வழுக்கும். பாதத்தை முழுசாகப் பதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது தானாக வருகிறது, எனக்கு வரவில்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்தே நகர்ந்தேன். பாறையெல்லாம் பெரிய பெரிய செதிலாக உரிந்து நின்றது. பூமிக்கடியில் ஆழத்தில் இறுகிப் பிறந்த கல் இது. கொங்குப் பாறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது 50 கோடி வருசத்துக்கும் மேலே. மேலே அழுத்திக்கொண்டிருந்த சுமை காலப்போக்கில் கரைந்து போனதும் கல் கொஞ்சம் மூச்சு விட்டு விரிகிறது, வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிரிகிறது. அப்படி ஓர் ஏடு கழன்று விழுந்த இடம் குடையாகிவிடும். அந்தக் குடைக்குக் கீழேதான் துறவிகள் படுத்தார்கள், ஆடுகள் மழைக்கு ஒதுங்கின, யாரோ தாளம் எழுதினார்கள். பாறை ஒதுக்குகளில் மலைத்தேனீ கூடு கட்டும் என்பதால் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம். நெருப்பு, புகை, ஊதுபத்தி எதுவும் கூடாது என்று மகனிடம் சொன்னேன். "நான் எதுக்கு ஊதுபத்தி கொண்டு வரப்போறேன்?" என்றான். நியாயம்தான்.

உள்ளே போனால் ஒன்றுமே தெரியவில்லை.

தெரிந்ததெல்லாம் பெயின்ட்தான். வெள்ளையில் ஒரு பெயர், சிவப்பில் இன்னொரு பெயர், நடுவில் இதயம். இவர்கள் காதல் என்ன ஆயிற்றோ, பெயின்ட் நன்றாக இருக்கிறது. கீழே பாட்டில் ஓடு. அண்ணன் பேசாமல் ஒரு சாக்குப் பையை விரித்துப் பொறுக்க ஆரம்பித்தான். நான் சுவரில் மூக்கு படும் அளவு நின்று தேடினேன். பாறையில் கீறல் இருக்கிறது, பொரிவு இருக்கிறது, கறுப்பாக நீர் வழிந்த தாரை இருக்கிறது. எழுத்து மட்டும் இல்லை.

கீழே ஆட்டு மணிச் சத்தம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங், கல்லெழுத்துப் பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க. ஒண்ணும் தெரியலைங்களே."

"இந்நேரத்துக்குத் தெரியாது கண்ணு. வெயில் நேரா இருந்தா அது படுத்துக்கும். பொழுது சாயட்டும், தானா எந்திரிச்சு நிக்கும்."

அதற்குமேல் அவர் நிற்கவில்லை, ஆடு போன பக்கம் போய்விட்டார். கல்வெட்டுப் படிப்பவர்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் படிப்பார்கள் என்று நான் எங்கோ படித்து மறந்திருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மாமாவின் போன். "அம்மணி, நாங்க வந்தாச்சு. எங்க இருக்கீங்க? கொளம் இருக்குது, மலை இருக்குது, உங்க வண்டியக் காணோமே."

"எந்தக் கொளங்க மாமா?"

"எலத்தூர்க் கொளம்."

எலத்தூர் நம்பியூர்ப் பக்கம். அங்கேயும் ஒரு நாகமலை இருக்கிறது. நல்ல மலைதான், 2025இல் அரசே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த குன்று, குளம் நிறையப் பறவை. மாமா போன் மேப்பில் நாகமலை என்று போட்டாராம். முதலில் மதுரை நாகமலையைக் காட்டியதாம். "அது தப்புன்னு எனக்கே தெரிஞ்சுது" என்று அதையும் பெருமையாகச் சொன்னார். ஈரோடு மாவட்டம் என்று சேர்த்துப் போட்டதும் எலத்தூர். அறச்சலூர் என்கிற வார்த்தையை அவரிடம் நான் மூன்று தடவை சொல்லியிருந்தேன். அங்கிருந்து இங்கே வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அரிசிம்பருப்பு பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலிருந்தே கத்தி அம்மிச்சிக்குச் செய்தி சொன்னோம். பாறை எதிரொலித்தது, அவளுடைய பதில் நன்றாகவே கேட்டது: "எருமை மேய்க்கப் போனாலும் அவன் இப்படித்தான்!"

சோறு வருகிறவரை வேறு வேலை இல்லாததால்தான் எழுத்தைப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். சோறு நேரத்துக்கு வந்திருந்தால் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியிருப்போம். என் மகன் போன் டார்ச்சைப் போட்டு, பாறைக்கு நேராகக் காட்டாமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தான். ஒரு சாண், இரண்டு சாண் என்று வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு நகர்ந்தது. "அத்தை, நிறுத்தச் சொல்லுங்க!" என்றாள் அண்ணன் மகள்.

முதலில் ஒரே ஒரு எழுத்து. காலை லேசாக அகட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி ஒரு கோடு. அதுதான் த. அதன் பக்கத்தில் அதே ஆள், கூடுதலாகச் சின்னக் கீற்றுகளோடு. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நிழல் விழுந்து நிழல் விழுந்து எழுத்துகள் பாறையை விட்டு வெளியே வந்தன. டார்ச்சைக் கொஞ்சம் நிமிர்த்தினால் மறைந்துவிடும், சாய்த்தால் வரும். உளி பட்ட பள்ளம் என் சுண்டு விரல் நகத்தின் ஆழம்கூட இருக்காது. விரலால் தொடப் போனவளைத் தடுத்தேன். சுண்ணாம்புப் பொடி தேய்த்தால் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேய்க்கிற ஒவ்வொரு கையும் கொஞ்சம் கல்லைக் கொண்டுபோகிறது. டார்ச் போதும்.

பழைய எழுத்து எனக்குப் படிக்க வராது. படித்தவர்கள் அச்சிட்டிருந்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தாளையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அண்ணன் மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். மேலிருந்து கீழே இறங்கினாலும் கீழிருந்து மேலே ஏறினாலும் அதேதான். நான்கு மூலையிலும் நான்கு த காவல் நிற்கிறது. நட்ட நடுவில் ஒரு தை, அதைச் சுற்றி நாலு பக்கமும் தே. மொத்தம் இருபத்தைந்து எழுத்தில் தை மட்டும் ஒன்பது. கணக்கு எழுதுகிறவளுக்குக் கட்டத்தைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. "அத்தை, இது சுடோக்கு மாதிரி இருக்குது" என்றாள். பக்கத்திலேயே இதே மாதிரி இன்னொரு கட்டமும் இருக்கிறது. அதன் பாதி பொரிந்து போயிருந்ததால் எங்கள் டார்ச்சுக்கு அடங்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் எழுதியவரின் பெயர். 'எழுத்துப் புணருத்தான்' என்று தொடங்கி 'வண்ணக்கன் தேவன் சாத்தன்' என்று முடிகிறது. எழுத்தைச் சேர்த்துக் கட்டியவன் தேவன் சாத்தன் என்கிற வண்ணக்கன். வண்ணக்கனுக்கு முன்னால் இருப்பது 'மணிய்' என்று சிலர் படிக்கிறார்கள், 'மலைய்' என்று சிலர். வண்ணக்கன் என்றால் காசையோ மணியையோ நோட்டம் பார்க்கிறவர். சங்கப் புலவர்களிலும் வடமவண்ணக்கன் தாமோதரனார் என்று ஒருவர் உண்டு. மணி என்று படித்தால் எனக்கு ரொம்பச் சௌகரியம். ஏனென்றால் இங்கிருந்து மேற்கே, சென்னிமலைக்கு அந்தப் பக்கம் நொய்யல் கரையில்தான் அகழாய்வு நடந்த கொடுமணல். அங்கே தோண்டத் தோண்ட மணி செய்த பட்டறைகள். காங்கேயம் பக்கம் படியூரில் நீலப்பச்சைக் கல். ரோமானியக் காசுகளும் இந்த வட்டாரத்தில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அத்தனை கல்லும் காசும் புழங்குகிற இடத்தில் நோட்டக்காரருக்கு வேலைக்குப் பஞ்சம் இருந்திருக்காது. பகலெல்லாம் கல்லைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து ஓட்டை ஒடிசல் பார்க்கிற ஆள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பிசகாத ஒரு கட்டத்தை அவர் கட்டியிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. மண்டியில் மஞ்சளை உடைத்துப் பார்த்து ரகம் சொல்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஓய்வு நேரத்தில் துண்டுக் காகிதத்தில் மாயச் சதுரம் போடுவார். அவரிடம் இந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே ஏறி உச்சிப் பாறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். கடலையும் கரும்பும். மேற்கே சென்னிமலை தெளிவாகத் தெரிந்தது. கீழே வாய்க்கால் ஒரு கோடு, அதன் இரு கரையிலும் இரண்டு நிறம். மயில் எங்கே பார்த்தாலும் மயில். போட்டோவுக்கு அழகு, எங்கள் பக்கத்து விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார். தீரன் சின்னமலையின் ஓடாநிலை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அவர் அங்கே கோட்டை கட்டியதையும், 1805 ஆடியில் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதையும் அண்ணன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என் மகன் கேட்டுக்கொண்டே கரும்புச் சக்கையைக் கீழே துப்பப் போனான். அண்ணன் சாக்குப் பையை நீட்டினான்.

பதினொன்றரைக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. மலையேறச் செருப்பில் வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மீதி வழியை அண்ணனின் ஒரு ஷூவையும் என் ஒரு செருப்பையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். அண்ணன் ஒற்றைச் சாக்ஸோடு.

கீழே அம்மாவும் அம்மிச்சியும் மடி நிறைய ஆவாரம்பூ பறித்து வைத்திருந்தார்கள். அண்ணன் மகள் நேராக அம்மிச்சியிடம் போய்த் தாளைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தாள். அம்மிச்சிக்குப் படிக்கத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னாள். அம்மிச்சியின் கை பாயின் மேல் தட்டிப் பார்த்தது. நின்றது. மறுபடி தட்டியது.

"அஞ்சுல நிக்குது அம்மணி. கால் எடுத்து வெக்க எடமில்லை. கடைசில ஒரு கொட்டு சும்மா விடு."

த தை தா தை த, ஒரு வெறுங்கொட்டு. தை தா தே தா தை, ஒரு வெறுங்கொட்டு. அந்த வெறுங்கொட்டில் ஒரு அடி நகர வேண்டும். அம்மாவும் எழுந்தாள், நானும் ஒற்றை ஷூவோடு சேர்ந்தேன். ஐந்து வரி முடிந்ததும் கடைசி வரியே முதல் வரி என்பதால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தோம். தாளம் படித்தவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ. இது ஆட்டத்துக்கா, கருவிக்கா, வெறும் எழுத்து விளையாட்டா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு இருக்கும்போது, மூட்டு வலிக்காரி ஒருத்தி பாயில் உட்கார்ந்துகொண்டு அதில் ஒரு கொட்டைச் சேர்த்துவிட்டாள்.

தேவன் சாத்தனைப் பற்றிச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எவளோ ஒருத்தி கொட்டியிருக்கா. பக்கத்துல உக்காந்து கேட்டவன் எழுதி வெச்சுட்டுத் தம்பேரப் போட்டுக்கிட்டான்." அச்சில் வந்த எந்த விளக்கத்திலும் இது இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை.

மாமா வண்டி வரும்போது மணி ஒன்றே முக்கால். இறங்கும்போதே, "அந்த மலையும் நல்லாத்தான் இருக்குது, பறவையெல்லாம் வருது" என்று ஆரம்பித்தார். அத்தை ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திக்கொண்டார். அரிசிம்பருப்பு ஆறிப்போயிருந்தது. ஆறின அரிசிம்பருப்பு கட்டியாக இறுகி, நெய் வெள்ளையாக உறைந்து, கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கட்டி கட்டியாக இலையில் வைத்துக் கொள்ளுத் துவையலைத் தொட்டுக்கொண்டு ஒருவரும் பேசாமல் சாப்பிட்டோம். அந்தப் பக்கம் போன ஆட்டுக்கார அம்மாவையும் கூப்பிட்டோம். தயிர்ச்சோறு மட்டும் போதுமென்று தூக்குவாளியில் வாங்கிக்கொண்டார். "தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். தெரிந்தது என்றோம். மாமா மட்டும், "என்ன தெரிஞ்சுது?" என்றார்.

பொழுதோடு திரும்புகிற வழியில் வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி, மடியிலிருந்த ஆவாரம்பூவைத் தண்ணீரில் விட்டோம். எங்கள் வீட்டு வழக்கம் அது. பூ கொஞ்ச தூரம் கூட்டமாகப் போய், மதகுப் பக்கம் பிரிந்தது. பிள்ளைகள் நால்வரும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் த தை தா தை த தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா பெண்கள் இரண்டு பேரும் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள், வெறுங்கொட்டோடு.

அம்மிச்சி வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள். "அடுத்த வருசம் போசி நம்ம வண்டியில வரட்டும் கண்ணு."